ஒக்வுதிலியின்மேல் உட்கார்ந்த நாள்

ஒக்வுதிலி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது உலோமா ஐந்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் வீட்டுக்குப் போயாகிவிட்டது. அவனோடு அவன் லாரிகளில் சுமை தூக்கும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கையில் கிழங்கு இடிக்கிற உலக்கை இருந்தது. ஒக்வுதிலியின் கையில் அவள் எழுதிய நாவல்.

அந்த நாவலால் அபா நகரத்துச் சந்தையே இரண்டு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. லாகோஸ் பதிப்பாளர்கள் ஆங்கிலத்தில் எழுதக் கேட்டும் அவள் பிடிவாதமாகத் தாய்மொழியான இபோவில்தான் எழுதினாள். துணிக்கடை வரிசையில் எழுத்துத் தெரிந்த ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டவர்கள் அழுதார்கள், பிறகு பல்லைக் கடித்தார்கள். பெயர் மாற்றியிருந்தாலும் அது யார் கதை என்று எல்லோருக்கும் தெரியும்.

உலோமாவின் அக்கா அடாக்குவின் கதை அது. உள்நாட்டுப் போர் முடிந்த நான்காம் வருடம் அடாக்குவின் கணவன் காய்ச்சலில் செத்தான். அவன் தம்பி ஒக்வுதிலி, அண்ணிதான் விஷம் வைத்தாள் என்று உறவுக் கூட்டத்தில் சொன்னான். அவள்மேல் குற்றமில்லையென்றால் பிணம் கழுவிய தண்ணீரைக் குடித்துக் காட்டட்டும் என்றான். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் முடியைப் பிடித்துத் தலையை அண்ணாத்தி, மூக்கைப் பொத்தி, தன் கையாலேயே ஊற்றினான். பதினோராம் நாள் அடாக்கு வாந்தியெடுத்தே செத்தாள். அண்ணனின் வீடும் லாரிகளும் அவனுக்குப் போயின.

ஒக்வுதிலி புத்தகத்தை மேசைமேல் போட்டான். அவன் கோபமாக இல்லை, சிரித்தான்.

"உன் புத்தகத்துல தங்கச்சிக்காரி ஓடிவந்து என் கையைக் கடிக்கிறாளாமே. நெசத்துல நீ எங்க நின்னே, டீச்சர்? கூட்டத்துக்குப் பின்னாடி, வாழை மரத்தப் புடிச்சுக்கிட்டு. நான் பாத்தேன்."

அது உண்மை.

இரண்டு பேரும் அவள் வலது கையை மேசைமேல் விரித்துப் பிடித்தார்கள். உலக்கையை ஒக்வுதிலியே வாங்கிக்கொண்டான். முதல் இடியில் விரல்கள் நொறுங்கின. இரண்டாவதில் மணிக்கட்டு. மூன்றாவது இடியை அவள் பார்க்கவில்லை. கண் விழித்தபோது நோட்டுகளெல்லாம் ரத்தத்தில் ஒட்டிக்கிடந்தன.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, இது குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் காலை, பாமாயில் விற்கிற அம்போக்வோ அவள் வீட்டுக்கு வந்தாள். சந்தைப் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள்தான். இடுப்பில், சண்டைக்குக் கிளம்பும் பெண்கள் கட்டுகிற பனங்குருத்தைச் சுற்றியிருந்தாள். சேதி என்னவென்று கேட்கவேண்டிய தேவையே இல்லை.

"எந்திரி. அவன்மேல உட்காரப் போறோம்" என்றாள்.

அந்த ஊர்ப் பெண்கள் ஒருவன்மேல் உட்காருவதென்றால் அவன் வாசலை அடைத்துக்கொண்டு, அவன் செய்ததையெல்லாம் பாட்டாகப் பாடி, மன்னிப்புக் கேட்கும்வரை நகராமல் இருப்பது. கேட்காவிட்டால் கூரை இருக்காது. அன்று நானூறு பெண்கள் உலக்கைகளோடு திரண்டார்கள். அவர்கள் பாடியது நாவலில் அக்கா சாவதற்கு முன் பேசும் வரிகள். தான் எழுதியதை நானூறு தொண்டைகள் பாட, உலோமா கட்டுப்போட்ட கையோடு நடுவில் நடந்தாள்.

ஒக்வுதிலி கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வைதான். துப்பாக்கி இருக்கிறது என்றான். தாழைத் திறந்தது அவன் மனைவி நுவாதி. அவளும் துணிக்கடை வரிசையில் உட்கார்ந்து கதை கேட்டவள்தான். திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பெண்கள் உள்ளே பாய்ந்தார்கள். தகரக் கூரை கிழிந்தது. கட்டில், கண்ணாடி, ரேடியோ எல்லாம் உலக்கையின் கீழ் நொறுங்கின. அவனை முற்றத்துக்கு இழுத்துவந்தார்கள். ஒருத்தி காலில் இடித்தாள். முழங்கால் சில்லு விலகியது. இன்னொருத்தி முகத்தில் மிளகாய் அரைத்த கையைத் தேய்த்தாள். வேட்டியும் உருவப்பட்டது. அவன் அம்மா பெயரைச் சொல்லிக் கத்தினான்.

யாரோ சாக்கடைத் தண்ணீரை ஒரு பானை நிறைய மொண்டுவந்தார்கள். அம்போக்வோ அவன் முடியைப் பிடித்துத் தலையை அண்ணாத்தினாள். பாட்டு நின்றது. அவள் உலோமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், சொல்லு. அடுத்து என்ன?"

நானூறு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஒக்வுதிலியின் கண்களும் அவள்மேல்தான் இருந்தன. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் கேட்டிருப்பார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொன்னது அப்படியே நடக்கும் என்ற நிலை.

"ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினார்கள். பானை காலியாகிற வரைக்கும்.

அவன் சாகவில்லை. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பாகி, தடியூன்றி வெளியே வந்தவன் அபாவில் தங்காமல் வடக்கே போய்விட்டான். வீட்டில் நுவாதி இருந்துகொண்டாள். இந்தத் தடவை போலீஸ் உடனே வந்தது. முப்பத்திரண்டு பெண்களைப் பிடித்தார்கள். உலோமா தானாகவே போய், ஊற்றச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்தாள். மற்றவர்களை விட்டுவிட்டு அவளுக்கு ஏழு மாதம் போட்டார்கள். வேலையும் போயிற்று.

சிறையில் இடது கையால் எழுதப் பழகினாள். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் பிடித்தது. எழுத்து முதல் வகுப்புப் பிள்ளையுடையது போலக் கோணிக்கொண்டு போயிற்று. முதல் நாவலில் தான் பொய்யாக எழுதியதை எழுதினாள்: தங்கை ஓடிவரவில்லை, யார் கையையும் கடிக்கவில்லை, வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஊத்துங்க என்று சொன்னபோது தனக்குள் எழுந்த இனிப்பையும் எழுதினாள். அதை எழுதத்தான் அதிக நாள் ஆனது.

அந்தப் புத்தகத்தையும் துணிக்கடை வரிசையில் வாசித்தார்கள். பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போனார்கள். அம்போக்வோ கடைசிவரை கேட்டுவிட்டு, நேராக உலோமாவின் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாம ஜெயிச்ச கதைய இப்படியா எழுதுவே? அவனையும் நம்மளையும் ஒண்ணா நிறுத்திட்டியே."

"ஒண்ணுன்னு நான் எழுதலை, அம்போக்வோ. எனக்கு எப்படி இருந்துச்சுன்னுதான் எழுதினேன்."

அம்போக்வோ அந்த வருடம் முழுக்க அவளோடு பேசவில்லை. உலோமா ஒரு வரியையும் மாற்றவில்லை.