ஃபால்க் கடிக்கப் பழகிய கதை

1

இது ஒட்டுக்கேட்டுக் கிடைத்த கதை. எங்கள் ஊர் நாய்ப் பயிற்சிச் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் காபி ஊற்றுவது என் வேலை. மைதானத்தில் பேசுவதெல்லாம் என் சன்னலுக்கு வந்துவிடும்.

‘பனி மூடிய மைதானத்தில் ஒரு பெண்…’

[இந்தத் தொடக்கம் வேண்டாம். அன்று பனியே இல்லை. வெறும் சேறு.]

வீப்கே பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அவளுடைய ஃபால்க் ஒரு அல்சேஷன் நாய். கையில் தடித்த கவசம் மாட்டிக்கொண்டு நாய்களிடம் கடி வாங்கும் டெட்லெஃப் அதைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஆறு வயசா? மத்த நாய்ங்க இந்த வயசுல ரிட்டையர் ஆயிடும்மா.”

“எனக்குக்கூடத்தான் வயசாச்சு. என்னையும் சேத்துக்க மாட்டீங்களோ?”

சேர்த்துக்கொண்டார்.

2

முதல் நாள் ஃபால்க் அவள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. டெட்லெஃப் அதை மிரட்டவில்லை. ஒரு சாக்குத் துணியைச் சேற்றில் இழுத்தபடி, பயந்தவர் மாதிரி ஓடினார். “அது ஜெயிக்கணும்னா நான் பயப்படணும்” என்றார். இலையுதிர்காலம் முடிவதற்குள் ஃபால்க் துணியை விட்டுக் கவசத்தையே கவ்வத் தொடங்கியது.

[இங்கே வீப்கேயின் முகத்தில் பெருமிதம் என்று எழுதியிருந்தேன். அது பெருமிதம் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.]

3

போன சனிக்கிழமை அவள் கேட்டாள்: “வீட்டுக்குள்ள ஆள் நுழைஞ்சாலும் இப்படிக் கடிக்குமா?”

“எந்த ஆளு?”

அவள் முன்னாள் கணவனின் பெயரைச் சொன்னாள். திரும்ப வரப்போவதாக மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புகிறானாம்.

டெட்லெஃப் கவசத்தைக் கழற்றிக் கீழே போட்டார். ஃபால்க் அதைக் கவ்விக்கொண்டு வாலாட்டியபடி ஓடியது. வெறுங்கையோடு நின்ற டெட்லெஃபை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாத்தியா? இது அதுக்கு விளையாட்டு. அவன் என்ன, கவசத்தை மாட்டிக்கிட்டா வருவான்?”

“அப்ப கவசம் இல்லாமக் கத்துக்கொடுங்க.”

“மாட்டேன். அவனைக் கடிச்சா போலீஸ்காரங்க புடிச்சுக் கொண்டுபோறது இந்த நாயைத்தான்.”

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

“நம்ம சங்கத்துல ஒரு வக்கீலம்மா இருக்காங்க. அடுத்த சனிக்கிழமை வருவாங்க. மெசேஜ் எல்லாத்தையும் எடுத்துட்டு வா. நாயையும் கூட்டிட்டு வா, விளையாடட்டும்.”

அவள் ஃபால்க்கின் வாயிலிருந்து கவசத்தை வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

4

இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கதைக்கு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். நாளை அவள் மெசேஜுகளோடு வருகிறாள். அல்லது நாயோடு மட்டும் வருகிறாள். அல்லது கவசமில்லாமல் கற்றுக்கொடுக்கும் எவனையோ தேடிப் போகிறாள். நான்காவதையும் ஆரம்பித்தேன்: ‘கதவை அவன் உதைத்தபோது…’

பேனாவை வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

“என்ன, காபித்தூள் தீந்துபோச்சா?”

“நாளைக்கு வர்றியா?”

“அதான் யோசிச்சுக்கிட்டு…”

அவளுக்குப் பின்னால் ஃபால்க் குரைத்தது.

“யாரு வந்திருக்கா வீப்கே?”

“தெரியல. இரு, பாத்துட்டு வந்துடறேன்.”

போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. காலடிகள். தாழ்ப்பாள். இன்னொரு கையால் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதுவதை நிறுத்தப் பயமாக இருக்கிறது. குரைப்பு நின்றுவிட்டது. லைன் துண்டிக்கப்படவில்லை.

தெரிந்தவரைக் கண்ட நாயின் வால் தரையில் அடிபடுகிற சத்தம் மாதிரி ஏதோ… இல்லை, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இந்தாருங்கள் போன், நீங்கள் கேட்டுப் பாருங்கள்.