சரிக்காமல் விட்ட மண்சுவர்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. பத்து மணி நேரம் பொக்லைனில் குலுங்கியவன், சனிக்கிழமை மாலை இறங்கும்போது ஒரு காலை ஊன்றிவிட்டு மறுகாலைத் தேட வேண்டியிருந்தது. அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது. மணல்மேட்டை வெட்டினால், கிளம்புமுன் வெட்டிய இடத்தைச் சரிவாக்கிவிட்டுப் போக வேண்டும். அவன் இரண்டாள் உயரத்துக்குச் செங்குத்தாக அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். மறுநாள் கொட்டிய மழையில் மேட்டடிக் குழி குளமாகி, தண்ணீர் வடியப் பன்னிரண்டு நாள் ஆனது.

திரும்பி வந்தால் சுவரெங்கும் பொந்து. எண்ணினான், முப்பத்தேழு. பச்சை உடம்பும் நீல வாலுமாகப் பஞ்சுருட்டான் குருவிகள். ஒன்று பறக்கிற தட்டானை நடுவானில் மடக்கியது. இன்னொன்று அலகால் கொத்தி, மண்ணைக் காலால் பின்னுக்கு உதைத்துத் தள்ளியது. சுண்டுவிரல் நீள அலகு. பொந்தோ கையை விட்டால் தோள்வரை போகும். இருபது வருஷமாக மண் வெட்டுகிறவனுக்கு, வேலை தெரிந்தவனைப் பார்த்தால் தெரியாதா?

வண்டியைத் திருப்பி, கல்லும் களிமண்ணுமான எதிர்ப்பக்கத்தை வெட்டத் தொடங்கினான்.

அடி விழுந்தது மச்சானுக்கு. பெண்டாட்டியின் அண்ணன்; மண் ஏற்றுகிற லாரி அவருடையது, நடைக்கு இவ்வளவு என்று கூலி. நாளுக்கு எட்டு நடை ஐந்தானது. மணல் ஈரமாக இருக்கிறதென்று இரண்டு நாள் சொல்லிச் சமாளித்தான். மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்து பார்த்துவிட்டார். குருவிக்கு மாளிகை, என் பிள்ளைகளுக்குப் பட்டினியா என்று பிடித்துக்கொண்டார். என் தங்கச்சியை ஒரு நாளாவது இப்படித் தாங்கியிருப்பாயா என்றும் கேட்டார்.

“ரெண்டு வீச்சுதான் மாப்ள. கண்ண மூடிட்டு வெட்டு.”

“என்னால முடியாது மச்சான். சாவி வண்டியிலதான் இருக்கு, நீங்களே வெட்டுங்க.”

அவரும் சளைத்தவரா? ஏறி முடுக்கினார். சத்தத்துக்கு அத்தனை பொந்திலிருந்தும் ஒரே வீச்சில் கிளம்பின. வெயில் ஊடுருவிய இறக்கைகளின் அடிப்பக்கம் தேய்த்த செம்பாக மின்னியது. தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றும் தன் பொந்து எதுவென்று தடுமாறாமல் போய் நுழைந்தது. மச்சான் இன்ஜினை அணைத்தார். வெகுநேரம் இறங்கவில்லை.

“சனியனுங்க,” என்றார், “என்னமா இருக்கு.”

இறங்கி வரும்போது பழைய மச்சானாகிவிட்டார். “அதுக்காக என் நடை போனது இல்லன்னு ஆயிடாது மாப்ள. இதுங்க கிளம்புற வரைக்கும் வாராவாரம் ஞாயித்துக்கிழமை என் லாரிக்கு அடியில நீ படுக்கணும்.”

கிரீஸ் அடிக்க, ஸ்பிரிங் பட்டை மாற்ற, என்ன சொன்னாலும் செய்ய. ஒப்புக்கொண்டான்.

ஏழு வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிட்டன. அன்று மாலையே சுவரைச் சரித்தான். இடையில் மூன்று ஞாயிறு போய் உழைத்திருந்தான். மற்றதற்கு ஏதேதோ சாக்கு.

மச்சானுக்கு இன்னும் நான்கு ஞாயிற்றுக்கிழமை பாக்கி.