சின்னப் பெட்டியும் அழகம்மாக்கா ஹீட்டரும்

எனக்குக் கோவம் வந்தா வாய் சும்மா இருக்காது. எங்க தோட்டத்து லயத்துல ஒரே கூரைக்குக் கீழ வரிசையா இருக்கிற எட்டு வீட்டுக்கும் அது தெரியும். எங்க வீட்டுக்காரரு இந்திரகுமார் அப்படியே எனக்கு நேர்மாறு. என்ன வருத்தம்னாலும் வாயத் தொறக்க மாட்டாரு, கிட்டாரத் தூக்கி மடியில வச்சுக்குவாரு. அவரு ரப்பர் பால் வெட்டுறவரு. வெட்டு முடிஞ்சு வந்து குளிச்சதும் பொழுது சாயுற வரைக்கும் வாசிச்சுக்கிட்டு இருப்பாரு. சொந்தமா பாட்டும் கட்டுவாரு.

ரெண்டாயிரத்து மூனாம் வருஷம், இலங்கையில சண்ட நின்னு பாதையெல்லாம் தொறந்திருந்த நேரம். தோட்டத்து ஆளுங்க அனுப்புற பாட்ட ஞாயித்துக்கெழம காலையில ரேடியோவுல போடுவாங்க. அதுக்கு இவரு வீட்டுலயே பதிஞ்சு ரெண்டு கேசட் அனுப்பினாரு. ரெண்டும் திரும்பி வந்திச்சு. பாட்டு நல்லாருக்கு, கிட்டார்தான் கொசு கத்துற மாதிரி இருக்கு, மாசக் கடைசிக்குள்ள இன்னொருக்கா பதிஞ்சு அனுப்புங்கன்னு அந்த ரேடியோ ஐயா சொல்லிவிட்டாரு. கொசுன்னதும் இவரு மொகம் செத்துப்போச்சு. எனக்கு வயித்தெரிச்சல்.

மாவனல்லை டவுன்ல மஷூர் நானான்னு ஒரு முஸ்லிம் அண்ணன், ஜப்பான்ல இருந்து வர்ற பழைய சாமான் விக்கிற கடை வச்சிருந்தாரு. அவருதான் கிட்டார் சத்தத்தப் பெருசாக்குற வால்வ் பெட்டியப் பத்திச் சொன்னாரு. பழைய ரேடியோவுக்குள்ள செவப்பா எரியுமே கண்ணாடிக் குமிழ், அதேதான். அதுல வாசிச்சாத்தான் கிட்டாருக்கு மனுசக் குரல் வருமாம். கடையில ரெண்டு பெட்டி இருந்திச்சு. ஒன்னு அலுமாரிக்குத் தம்பி, தூக்க ரெண்டு ஆளு வேணும். இன்னொன்னு சோத்துப்பானை அளவுதான். இவரு கண்ணு பெருசு மேலயே நின்னுச்சு. வால்வ் பெட்டியில சத்தத்த நல்லாக் கூட்டி வச்சாத்தான் குரல் கனியும், பெருசக் கூட்டினா லயத்துக் கூரை பறந்துரும், வீட்டுல பதியிறதுக்குச் சின்னதே போதும்னு மஷூர் நானா படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இவரு கேக்கிற ஆளா. கடைசியில நானா சிரிச்சுக்கிட்டே, ரெண்டையும் கொண்டுபோய் வாசிச்சுப் பாருங்க, சனிக்கெழம ஒன்னத் திருப்பிக் கொண்டாங்கன்னுட்டாரு. தங்கமான மனுசன்.

பஸ்ஸுல பெரிய பெட்டியப் பாத்துட்டு கண்டக்டர் சிங்களத்துல என்னான்னு கேட்டான். வெளக்கம் சொல்லி மாளாதுன்னு, ஐஸ் பெட்டின்னு நானும் சிங்களத்துலயே சொல்லிட்டேன். ஊரு வந்து சேர்ற வரைக்கும் இவரு மொகத்த ஜன்னல் பக்கமே திருப்பி வச்சிருந்தாரு.

அடுத்த நாள் திங்கக்கெழம விடிய மழ. மழ பேஞ்சா பால் வெட்டு இல்ல, ஆனா தேயிலக் கொழுந்து பறிக்கிறவங்க வேலைக்குப் போயிருவாங்க. மழ விட்டதும் லயமே வெறிச்சோடிக் கெடந்திச்சு. பதியிறதுக்கு இத விட என்ன வேணும்னு ரெண்டு பெட்டியையும் போட்டோம். பெருசக் கொறைச்சு வச்சா உப்பில்லாத கஞ்சி. கூட்டினா கூரைத் தகரம் ஆடி, அடுப்புக்கு மேல இருந்த கரி எல்லாம் கொழம்புச் சட்டியில விழுந்திச்சு. சரி, சின்னதப் போடுன்னா அதுவும் வெடுவெடுன்னு கத்துது. மனுசக் குரலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

அன்னைக்குப் பின்னேரம் தண்ணிக் குழாயடியில பக்கத்து வீட்டு அழகம்மாக்கா நின்னுச்சு. கால் சுளுக்கி வேலைக்குப் போகாம வீட்டுல இருந்த மனுசி. பத்துப் பேருக்கு முன்னால, ஏம் பிரேமா, ஒன் புருசன் என்ன, தகரத்தப் போட்டுத் தேய்க்கிறானான்னு கேட்டுப்புடுச்சு. எனக்கு வந்திச்சே கோவம். ஒங்க தொண்டைய விட எங்க தகரம் எவ்வளவோ மேலுன்னு சொல்லிட்டுக் குடத்தத் தூக்கிட்டு வந்துட்டேன். அன்னைக்கோட எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு.

இவரு அதையும் காதுல வாங்கியிருந்தாரு. ராத்திரி சாப்புடுறப்ப மெதுவா சொன்னாரு.

"சனிக்கெழம ரெண்டு பெட்டியையும் குடுக்கிறப்ப, கிட்டாரையும் சேத்துக் குடுத்துர்றேன் பிரேமா. போதும்."

சும்மா சொல்ற ஆளு இல்ல இவரு. ஒரு கல்யாண வீட்டுல இந்தக் கிட்டாரப் பாத்துத்தான் நான் இந்த மனுசனையே பாத்தேன். அது இல்லாத வீட்டுல இவரு எந்த மூலையில போய் ஒக்காருவாருன்னு நெனச்சா எனக்கு அழுகை வந்திச்சு.

செவ்வாக்கெழம பொழுது சாஞ்சு நான் ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். இவரு சும்மா சின்னப் பெட்டியில வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. திடீர்னு கிட்டார் கொழைஞ்சிச்சு. வெடுவெடுப்பெல்லாம் போய், அழுதுட்டுப் பேசுறவங்க குரல் மாதிரி ஒரு ஈரம். இவரே கைய நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. வால்வ் நல்லா சூடாகணும் போலன்னு சொல்லி, புதன்கெழம வெட்டு முடிஞ்சு வந்ததுல இருந்து பெட்டியப் போட்டே வச்சிருந்தாரு. மேல கைய வச்சா சுடுது, குரல் மட்டும் அதே வெடுவெடுப்பு. ஏழு மணி ஆகவும் மறுபடி கனிஞ்சிச்சு. அப்பத்தான் நான் அண்ணாந்து பாத்தேன். எங்க பல்ப் பரங்கிப்பூ நெறத்துல மங்கிக் கெடந்திச்சு.

எட்டு வீட்டுக்கும் ஒரே வயர்லதான் கரண்ட் வருது. பின்னேரமானா எல்லா வீட்டுலயும் லைட்டு, டீவி, இஸ்திரிப்பெட்டி. அதுக்கும் மேல அழகம்மாக்கா குளிக்கத் தண்ணி காய வைக்க, வாளியில ஒரு ஹீட்டரப் போடும். அதப் போட்டா எங்க பல்ப் செத்துரும், எத்தன தடவ நான் திட்டியிருக்கேன். கரண்ட் கொறைஞ்சா வால்வுக்கு மூச்சுக் கொறைஞ்சு, அந்தக் குரல் வருது. பகல்ல கரண்ட் முழுசா வருது, அதான் கத்துது. சொன்னதும் இவரு, மாவுக் கையோட நின்ன என்னக் கட்டிப்புடிச்சாரு.

வியாழக்கெழம ஏழு மணிக்குச் சின்னப் பெட்டிக்கு முன்னால மைக்க வச்சுப் பதிஞ்சோம். திருப்பிப் போட்டுக் கேட்டா கிட்டார் தேன். ஆனா எங்க செவுரு கூரை வரைக்கும் போகாதே. ஒரு வீட்டுச் சத்தம் எட்டு வீட்டுக்கும் பொது. ரெண்டாவது சரணத்துல டீவி நாடகத்துல ஒரு சிங்களப் பொம்பள "அனே மகே புத்தே"ன்னு மகன நெனச்சு ஒப்பாரி வைக்கிறா. சத்தம் அடங்குற வரைக்கும் இருந்து பாத்தோம். எல்லாரும் படுத்தா கரண்ட் ஏறிருச்சு, கிட்டார் திரும்பவும் தகரம். எங்க வீட்டுலயே இஸ்திரிப்பெட்டியப் போட்டுக் கரண்ட்டக் கொறைக்கப் பாத்ததுல பியூஸ்தான் போச்சு.

ஆக, லயமே எல்லாத்தையும் போட்டு வைக்கணும், ஆனா ஒரு ஆளு மூச்சு விடக்கூடாது. மாசமும் முடியப் போகுது, மிச்சம் இருக்கிறது வெள்ளிக்கெழம ஒன்னுதான். இவரு யார்கிட்டயும் போய்க் கேக்க மாட்டாரு. விடிஞ்சதும் நான் கெளம்பினேன். கோடிவீட்டு வேலுசாமியண்ணனுக்குத்தான் பெரிய டீவி. நாடகத்தச் சத்தமில்லாமப் பாக்கச் சொல்றியேன்னு மொதல்ல மொனகுனாரு. பாட்டு ரேடியோவுல வந்தா நம்ம லயத்துக்குத்தானே பேருன்னதும் சரின்னுட்டாரு. மத்த வீடுங்க சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க.

அழகம்மாக்கா வாசல்லதான் என் காலு நின்னுச்சு. அந்த ஹீட்டர் இல்லாம ஒன்னும் நடக்காது. வெக்கத்தையும் கோவத்தையும் முழுங்கிட்டு உள்ள போய், அக்கா, ஒங்க ஹீட்டரு வேணும்னேன். அது ஹீட்டரக் கழுவித் தொடச்சு என் கையில குடுத்திச்சு. ஐயோ அக்கா, கையில வேணாம், ஒங்க வீட்டுலயே போடணும்னு சொல்லி, நடந்ததெல்லாம் சொன்னேன். சுளுக்கின காலத் தேய்ச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்திச்சு.

"பகல்ல வாசிச்சானே, அதத்தான்டி நான் தகரம்னேன். பொழுது சாஞ்சு வாசிக்கிறத நான் எப்பக் கொறை சொன்னேன்? அதக் கேட்டுக்கிட்டேதானே தண்ணி காய வைக்கிறேன். ஆனா அந்தப் பெரிய பெட்டிய மட்டும் தொலைச்சுரு, என் பீங்கானெல்லாம் ஆடுது."

வால்வப் பத்தி ஒன்னும் தெரியாம, செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டே அக்கா செரியா எடை போட்டிருக்கு. அதோட கையப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன், கண்ணுல தண்ணியும் வந்திச்சு. அது எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்திச்சு.

வெள்ளிக்கெழம பின்னேரம் வானம் மூடிக்கிட்டு நின்னுச்சு. தகரத்துல ஒரு சொட்டு விழுந்தாலும் எல்லாம் போச்சு. மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேந்துக்கிட்டேன். ஏழு மணிக்கு எட்டு வீட்டுலயும் லைட்டு எரியுது. துணி இல்லாமலே இஸ்திரிப்பெட்டிங்க சுடுது. வேலுசாமியண்ணன் வீட்டு டீவியில ஆளுங்க வாய மட்டும் அசைக்கிறாங்க. அழகம்மாக்கா வாளியில ஹீட்டரு. எங்க பல்ப் பரங்கிப்பூ ஆச்சு. இவரு கண்ண மூடிக்கிட்டு ஆரம்பிச்சாரு. அவ்வளவு ஆளு ஒரு லயத்துக்குள்ள இருந்தும் ஒரு இருமல் இல்ல, ஒரு செருமல் இல்ல.

பாட்டு முடிஞ்சு கடைசி மீட்டல் நீண்டு தேஞ்சுக்கிட்டு இருக்கிறப்ப, பக்கத்து வீட்டுல வாளித் தண்ணி கொதிச்சு வழிஞ்சிருக்கு. அழகம்மாக்கா பதறிப்போய் ஹீட்டரப் புடுங்கிருச்சு. பல்ப் பளிச்சுன்னுச்சு. அடங்கப் போன அந்த மீட்டல், தூங்கி எந்திரிச்ச மாதிரி மேல எழும்பி நின்னு, அப்பறம்தான் அடங்கிச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அத மாத்த வேணாம், அப்படியே இருக்கட்டும்னாரு இவரு.

சனிக்கெழம பெரிய பெட்டியத் திருப்பிக் குடுத்தோம். கிட்டார் எங்களோடயே வீட்டுக்கு வந்திச்சு.

ரெண்டு கெழமை போய் வந்த ஞாயித்துக்கெழம பாட்டு ரேடியோவுல வந்திச்சு. லயமே எங்க வாசல்ல கூடிருச்சு. முடிஞ்சதும் அறிவிப்பாளர், அந்தக் கடைசி மீட்டல எப்படித்தான் எழுப்பினாரோன்னு ஆச்சரியப்பட்டுட்டு, இந்திரகுமார்ங்கிற ஒரு பேர மட்டும் சொன்னாரு. கூட்டத்துல அழகம்மாக்கா மொகம் சுண்டிப்போச்சு. அடுத்த நாள் குழாயடியில, எழுப்பினது நானு, பேரு அவனுக்கான்னு எல்லாருக்கும் கேக்க என்னக் கேட்டுச்சு. இந்தத் தடவ நான் பதில் பேசல.

அடுத்த பாட்டு அனுப்புறப்ப, கேசட் மேல பேரு எழுதுற பேனாவ இவருகிட்ட இருந்து நான் புடுங்கிக்கிட்டேன். ஞாயித்துக்கெழம பாட்டு முடிஞ்சதும் அறிவிப்பாளர் வாசிச்சாரு. பாடலும் கிட்டாரும், இந்திரகுமார். அப்பறம் கேசட் உறையத் திருப்பித் திருப்பிப் பாக்கிற சத்தம் கேட்டுச்சு. ஹீட்டர், அழகம்மான்னு சொன்னாரு.

அக்கா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அழுதுச்சு.