ரெஜியின் மஞ்சள் கப்பு

பேய், யட்சி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான். ஆனால் யட்சிக்கு நகை செய்வதில் திருவனந்தபுரத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை. ஷாம்பு குப்பி, எண்ணெய் கேன், உடைந்த வாளி, எது கிடைத்தாலும் போதும். நாககன்னிக்குக் கிரீடம், யட்சிக்குக் காதோலை, கடல்ராணிக்கு ஒட்டியாணம் என்று பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களுக்குச் செய்து கொடுப்பேன். சாலை பஜார்க் கடைகளில் தங்கப் பொடியும் வார்னிஷும் வாங்கிப் பூசிவிட்டால், மேடை வெளிச்சத்தில் அது பிளாஸ்டிக் என்று ஒருவருக்கும் தெரியாது.

என் வேலைக்கு ஒரு முறை உண்டு. எந்தச் சாமான் வந்தாலும் கைப்பிடி, அடிப்பாகம், லேபிள் மூன்றையும் முதலில் வெட்டி எறிவேன். மிச்சத்தை நிறம் பார்த்துச் சாக்கில் போடுவேன். அதற்குப் பிறகு வாளி வாளியில்லை, கப்பு கப்பில்லை. மஞ்சள், சிவப்பு, பச்சை, அவ்வளவுதான். இந்த முறையில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

1999 டிசம்பர். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். என் கணவர் தாசையன் மேலே நின்று எடுத்துத் தரத் தர, பழைய இரும்பை, உடைசல் வாங்க வரும் ஆக்ரிக்காரனுக்கு என்று ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டே இருந்தேன். வாய் அவரோடு சண்டை போட்டது. கை தன்பாட்டில் வெட்டியது.

மறுநாள் காலை, ஷைலஜா டீச்சர் கேட்டிருந்த நாககன்னி கிரீடத்தின் நடுப் பாம்புத்தலைக்காக ஒரு மஞ்சள் துண்டை எடுத்து அடுப்பில் காட்டினேன். பிளாஸ்டிக்குக்கு ஞாபகம் உண்டு. சூடு பட்டால் இளகிச் சுருங்கும், பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். எனக்குப் பழகிய விஷயம்தான். துண்டு இளகியபோது, அதன் ஓரத்தில் இரண்டு சின்னப் பள்ளங்கள் தெரிந்தன.

பார்த்ததும் புரிந்துவிட்டது. ரெஜியின் கப்பு.

ரெஜி என் மகன். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. குளிக்க வைத்தால் அந்த மஞ்சள் கப்பின் விளிம்பைக் கடித்துக்கொண்டுதான் இருப்பான். போட்டோ எடுக்கவில்லை. துணிகளை அவனோடே அடக்கம் செய்தோம். மிஞ்சியது அந்தக் கப்பு ஒன்றுதான். அவன் போன ஏழு வருடத்தில் தாசையன் அவன் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்தக் கப்பை என் கையாலேயே வெட்டிவிட்டேன், பாவி. சாக்கைக் கவிழ்த்துத் தேடினேன். மற்ற மஞ்சளில் எது அவனுடையது என்று எனக்கே தெரியவில்லை.

வேறு துண்டில் நடுத்தலை செய்து, கிரீடத்தைக் கொடுத்துவிட்டேன்.

"எந்து பற்றி சேச்சி, என்ன ஆச்சு, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணும் இல்லே டீச்சர். புகை."

துண்டு ஆறியதும் பள்ளங்கள் மறைந்துவிட்டன. அடுத்த நாள் மனம் கேட்கவில்லை. மறுபடி தீயில் காட்டினேன். கீழே இரண்டு. மேலே நான்கு. எனக்கு எண்ணத் தெரியும். என் பிள்ளைக்கு மேல்பல் முளைக்கவே இல்லை.

துண்டைக் கீழே போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்தேன். ஆனாலும் மூன்றாம் நாள் என் கால் அடுப்படிக்குத்தான் போனது. மேலும் கீழும் வரிசை முழுதாக இருந்தது, அரிசிப்பல். பயமா சந்தோஷமா என்று கேட்டால், இரண்டும்தான். என் பிள்ளை எங்கோ வளர்கிறான்.

ஆனால் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் துண்டு சுருங்கியது. உள்ளங்கை அகலம் இருந்தது, இரண்டு விரல் அகலம் ஆகிவிட்டது. பார்த்தால் தீர்ந்துபோகும். பார்க்காமல் இருந்தால், வெறும் மஞ்சள் பிளாஸ்டிக். இனித் தொடுவதில்லை என்று பைபிளுக்கு அடியில் வைத்தேன். மூன்று நாள்தான் தாங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம். தாசையன் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் மகள் ரெஷ்மா, பதினாலு வயசு, பாட்டுப் பழக சர்ச்சுக்குப் போயிருந்தாள். துண்டைத் தீயில் காட்டினேன். பற்கள் வந்தன. மேலே நடுவில் மட்டும் இரண்டு இல்லை. தீ தின்றுவிட்டதோ என்று துண்டை வெளியே இழுத்தேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். இருந்திருந்தால் அவனுக்கு இப்போது ஏழு வயசு. ரெஷ்மாவுக்கும் ஏழில்தான் அந்த இரண்டும் விழுந்தன. விழுந்த பல்லை ஓட்டு முகட்டைத் தாண்டி எறியவேண்டும்; உருண்டு திரும்பி வந்தால் புதுப்பல் கோணலாக முளைக்கும் என்பார்கள். அவளுக்குக் கை எட்டாது. தாசையன்தான் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஓட்டின் மேல் டொக்கென்று ஏதோ விழுந்தது. சின்னது. உருண்டு இறங்கி முற்றத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி டொக். மறுபடியும் உருண்டு இறங்கியது.

இந்தத் துண்டைப் பற்றி நான் தாசையனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ரெஜிக்கு எட்டாதுட்டி," என்றார். "நான் தூக்கணும்லா."

வெளியே போனார். அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். முற்றத்தில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. அவர் குனிந்தார். இரண்டு கையையும் சேர்த்து, கவனமாக, தோளுக்கு உயர்த்தினார். ஓட்டின் மேல் சத்தம் கேட்டது. இந்தத் தடவை திரும்பி உருளவில்லை.

நான் அடுப்பை அணைத்தேன். கையில் இருந்தது கட்டைவிரல் நகம் அளவுதான். தாசையன் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். தோளைத் தடவிக்கொண்டே அழுதார்.

"ஏழு வயசாச்சு," என்றார். "துளிகூடக் கனம் இல்லேட்டி, ஜெயா."