ரீட்டாவின் பயோடேட்டாவில் நான் சேர்த்த நான்கு வருடங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் பொய்யிலிருந்து. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன். இரண்டு பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் ரீட்டா இன்று இதே ஊரில் வேலையில் இருந்திருப்பார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ராஜகிரிக் கோட்டையின் மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, ரீட்டா தன் பழைய சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்தபடி…’

(அடித்துவிட்டேன். என் கடையிலிருந்து கோட்டை தெரியாது, பஸ்களின் பக்கவாட்டுதான் தெரியும். சான்றிதழ்கள் துணிக்கடைப் பை ஒன்றில் இருந்தன.)

2

ரீட்டா அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது முப்பத்தாறு. லேப் டெக்னீசியன் படிப்பு முடித்து, திண்டிவனத்தில் இரண்டு வருடம் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்திருக்கிறார். மூத்தவள் பிறந்ததும் வேலையை விட்டார். அப்புறம் இரண்டாவது பிள்ளை. பதினோரு வருடம் ஓடிவிட்டது. செஞ்சியில் ஒரு டாக்டர் புதிதாகத் திறந்திருக்கும் லேபில் ஆள் கேட்கிறார்கள் என்று பயோடேட்டா அடிக்க வந்தார்.

அடித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றேன்.

“இதுக்கப்புறம் இன்னா போடறது?”

“வூட்லதான் இருந்தேன், அண்ணா. அப்படியே போடுங்க.”

“பதினோரு வருசம் சும்மா இருந்தீங்கன்னு பாத்தா கூப்புடவே மாட்டாங்கம்மா.”

“சும்மாவா இருந்தேன்?” என்றார். சிரித்துக்கொண்டுதான்.

(இங்கே ரீட்டாவுக்கு நீளமான பேச்சு ஒன்று எழுதினேன். சமையல், துணி, பிள்ளைகளின் காய்ச்சல், மாமியாருக்கு தினமும் போட்ட சர்க்கரை ஊசி எல்லாம் அதில் இருந்தன. நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவர் அப்படிப் பேசவில்லை. எடுத்துவிட்டேன்.)

‘அவலூர்பேட்டையில் ஒரு லேபில் நான்கு வருடம்’ என்று நானே சேர்த்தேன். லேபுக்கு ஒரு பெயரும் வைத்தேன்.*

“பொய்யாச்சே, அண்ணா.”

“எல்லாரும் போடறதுதான். யாரு போயி பாக்கப்போறாங்க?”

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “டென்சனா இருக்குது,” என்றார். பிறகு, “சரி, பிரின்ட் எடுங்க.”

* அந்தப் பெயரை இங்கே எழுதக் கூசுகிறது. என் கதைகளில் எந்த ஊருக்கும் அவ்வளவு யோசித்துப் பெயர் வைத்ததில்லை.

3

நான்காம் நாள் ஏதோ ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தார். நேர்காணல் என்ன ஆயிற்று என்று நான் கேட்டதால் சொன்னார்.

டாக்டர் தன் கையையே நீட்டி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். “பயந்துட்டேன், அண்ணா. ஆனா தொட்டதும் நரம்பு விரலுக்குத் தெரிஞ்சிடுச்சி. ஒரே குத்துதான்.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் பயோடேட்டாவைப் படித்திருக்கிறார். அவருடைய சொந்த ஊரே அவலூர்பேட்டை. அங்கே இப்படி ஒரு லேப் இல்லையே என்று கேட்டிருக்கிறார்.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“இன்னாத்த சொல்றது? எந்திரிச்சி வந்துட்டேன்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது, ஏனென்றால்…

(இந்த வாக்கியம் அன்றும் முடியவில்லை. இன்றும் முடியவில்லை.)

4

மறுநாள் டாக்டரைப் போய்ப் பார்த்து, அந்த நான்கு வருடமும் என் கைவேலை என்று ஒப்புக்கொண்டேன்.

“நீங்களா?” கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “அந்தம்மா உங்க பேரையே எடுக்கலியே.”

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“வீட்ல இருந்தேன்னு போட்டிருந்தாலே சேத்திருப்பேன் சார். அப்படிப்பட்ட கை அது. நேத்துதான் வேற பொண்ணை எடுத்தேன்.”

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அந்த வேறு பெண் வேலையை விட்டுவிட, ரீட்டாவைக் கூப்பிடுகிறார்கள். இன்னொன்றில் ரீட்டா சொந்தமாகவே லேப் திறக்கிறார். இரண்டையும் படித்தபோது எனக்குத்தான் மனம் லேசானது. கிழித்துப்போட்டேன்.

நிஜத்தில், போன செவ்வாய்க்கிழமை காலையில் அவரைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட புடவையோடு திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். வேலைக்கா, இன்னொரு நேர்காணலுக்கா, சொந்தக்காரர் யாரையாவது பார்க்கவா, தெரியவில்லை. நான் கடையை விட்டு இறங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் வேலை கிடைக்காமலே இருந்தாலும், என் மனம் நோகக் கூடாதென்று “கெடச்சிடுச்சி, அண்ணா” என்றுதான் சொல்வார். நானும் அதை நம்பி, இங்கே முடிவாக எழுதிவைத்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவேன்.

அதனால் கூப்பிடவில்லை. நீங்களாக இருந்தால் கூப்பிடுவீர்களா?