கடலுக்கு ஊதிய விசில்

கடல் திரும்பி வந்த மூன்றாவது கோடையில்தான் வெள்ளைமேட்டில் முதல் மண்டை உடைந்தது. அதற்கு முந்திய இரண்டு கோடைகளும் ஒரு மூக்கு, இரண்டு விரல், ஒரு தாடை என்று சில்லறைக் காயங்களோடு போயின. அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். உழுத வயலில் கல்லாகிப்போன நத்தைகள் கிளம்பும் ஊர் அது. ஆகவே அக்னி நட்சத்திரம் பிறந்த அன்று, கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் உப்புத் தண்ணீர் ஏறி அலையடித்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து சொந்தக்காரர் லீவுக்கு வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அக்னி முடிந்ததும் அது போய்விடும். அதற்குள் கொள்ளிடத்திலிருந்து படகுகள் லாரியில் வந்திறங்கும், சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிற பேரப்பிள்ளைகள் வந்து சேருவார்கள், தர்பூசணி விலை இரண்டு மடங்காகும்.

சண்டையெல்லாம் கரைக்காகத்தான். முன்பு லாரிகள் இறங்கிய சரிவுப் பாதை ஒன்றுதான் படகு இறக்கத் தோதான இடம். அதை ஊர்த் தெருக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். காலனித் தெருவுக்குச் செங்குத்தான கிழக்குப் பாறை மிஞ்சியது. அங்கிருந்து கடலைப் பார்க்கலாம், இறங்க முடியாது. காலனித் தெரு அரியமுத்து அதே சுரங்கத்தில் முப்பது வருஷம் விசில்காரராக இருந்தவர். பாறைக்கு வெடி வைக்குமுன் மூன்று விசில் ஊதி ஆளையும் ஆட்டையும் விரட்டுவதும், வெடித்து அடங்கியபின் ஒரு நீள விசில் ஊதித் திரும்ப அழைப்பதும் அவர் வேலை. விரட்டியவரே அழைக்க வேண்டும். வேறு யார் ஊதினாலும் செல்லாது என்பது சுரங்கத்துச் சட்டம். மூன்று விசில் கேட்டால் வெள்ளைமேட்டில் தவழுகிற குழந்தைகூடப் பாறைக்குப் பின்னால் பதுங்கிவிடும். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜோதியின் பிள்ளைகள் மணிமொழியும் விக்கியும் இரண்டு கோடைகளாகக் கிழக்குப் பாறைமேல் உட்கார்ந்து அடுத்தவர் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கோடையில் அரியமுத்து, "இந்தத் தடவ அலை மேல ஏத்துறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நாலு லாரி டியூபை மூங்கிலில் கட்டி, பேரப்பிள்ளைகளோடு சரிவுப் பாதைக்கே போனார்.

அங்கே பத்து ஏக்கர் மக்காச்சோளக்காரர் காசிநாதன் துடுப்போடு நின்றார்.

"எங்கடா வர்ற?"

"புள்ளைங்க ஒரே ஒரு ரவுண்டு போகட்டும்ங்க."

"ரவுண்டு கேக்குதா ஒனக்கு?"

துடுப்பும் உடைந்தது, மண்டையும் உடைந்தது. டியூபுகளை அரிவாளால் கிழித்தார்கள். ஒன்பது தையல்.

மூன்றாம் நாள் அரியமுத்துவின் தம்பி மகன் அறிவரசன், எங்கிருந்தோ கொண்டுவந்த ஜெலட்டின் குச்சிகளைப் படகுகள் கட்டியிருந்த பாறையிடுக்கில் செருகித் திரியைக் கொளுத்திவிட்டு வந்தான். மத்தியானம் ஊர்த் தெரு சாப்பிடப் போயிருக்கும், படகுகள் மட்டும் போகட்டும் என்பது அவன் கணக்கு. ஆனால் காசிநாதனின் பேரனும் வெளியூர்ப் பிள்ளைகள் எட்டுப் பேரும் மூன்று படகுகளில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். கிழக்குப் பாறையிலிருந்த அரியமுத்து அந்தப் புகையைப் பார்த்தார். என்ன புகை என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இடுப்பிலிருந்த விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது என்ன தெரியும்? கையாட்டினார்கள். ஆனால் முப்பது வருஷமாகப் பூமிக்கடியில் கிடந்து அந்த விசிலைக் கேட்டிருந்த கடலுக்குத் தெரிந்திருந்தது. அது சட்டென்று எழுந்து, மூன்று படகுகளையும் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு ஓடி, மேற்கே இருந்த மண்மேட்டுக்குப் பின்னால் பதுங்கியது. வெடி வெடித்தது. காலிப் படகுகள் சிதறிப் பனை உயரத்துக்குப் போயின. பிள்ளைகளின் பொரி மட்டும் நனைந்திருந்தது.

அறிவரசன் பாறைமேல் ஏறி வந்தான். "யாருக்குப் பெரியப்பா ஊதுன? ஒன் மண்டையப் பொளந்தவனுக்கா?"

"விசில் ஆளுக்கு இல்லடா. வெடிக்கு."

அறிவரசன் அவர் வாயிலேயே குத்தினான். காலனித் தெருவிலேயே இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு முன்பல் போயிற்று, உதடு கிழிந்து தொங்கியது. மணிமொழி குறுக்கே விழுந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

மேட்டில் கயிறு போட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். கடல்தான் வரவில்லை. அடிபட்ட மாடுபோல மேட்டுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றது. காசிநாதனின் மகன் கலையரசன் டவுனில் புது விசில் வாங்கிவந்து கன்னம் வலிக்க ஊதினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரியமுத்துவுக்கோ உதடு கூடாமல் காற்று ஒழுகியது. அக்னி முடியப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் காசிநாதன் மோர்க்கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்தார். உள்ளேயிருந்து ஜோதி சொன்னாள்: "வாசல்ல வெச்சா நாய்தான் குடிக்கும். எங்கப்பா வூட்டுக்குள்ள இருக்காரு."

அவர் போய்விட்டார். நாய் குடித்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குனிந்து உள்ளே வந்து, பாயோரம் உட்கார்ந்து, கரண்டியால் ஊட்டினார். தன் துடுப்படிக்குப் போட்ட ஒன்பது தையலையும் அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார். கிழிந்த உதட்டோரம் கஞ்சி ஒழுகியது. தோள் துண்டால் துடைத்துவிட்டார். "இன்னும் ஒரு வாய் வாங்கிக்குங்க" என்றார். தன் அறுபது வயதில் அரியமுத்துவை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அறிவரசன் காலையில் வருவான், உதட்டில் மருந்து தடவிவிட்டு, கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போவான். ஜோதி ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். எது பலித்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒன்பதாம் நாள் உதடு கூடியது.

சரிவுப் பாதையில் நின்று அரியமுத்து நீளமாக ஊதினார். கடல் மேட்டின்மேல் தலைநீட்டிப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு அடியாக இறங்கி அவர் காலில் வந்து படுத்தது. மூன்று படகுகளே மிஞ்சியிருந்ததால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவற்றிலேயே நெருக்கியடித்து ஏறினார்கள். மணிமொழியும் விக்கியும் ஏறிய படகின் கயிற்றைக் காசிநாதன் பிடித்திருந்தார். ஓர் அலை வந்து அவரை முகங்குப்புறத் தள்ளியது. மணிமொழி விழுந்து விழுந்து சிரித்தாள். காசிநாதனைப் பார்த்துச் சிரித்து அடிவாங்காத முதல் ஆள் அவள்தான்.

அடுத்த சித்திரையிலும் கடல் வந்தது. ஆனால் சுரங்கத்துக்குள் இறங்காமல் மேட்டுக்கு அந்தப் பக்கமே விசிலுக்காக நின்றது. ஆள் அனுப்பினார்கள். அரியமுத்து இப்போதுதான் இலையில் உட்கார்ந்திருக்கிறார், சாப்பிட்டு வந்துவிடுவார் என்று காசிநாதன் மேட்டில் ஏறிக் கடலிடம் சொன்னார். சரியென்று கடல் காத்திருந்தது.