வலது சக்கரத்து எலுமிச்சை

"லோரிக்கு ஹோஸ் போடுற கடையிலயா பிளேனுக்கு பிரேக் ஹோஸ் செஞ்சீங்க, டாக்டர்?"

கிஷன் மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் உஷாராணிக்குப் பாம்புச் செவி. விமானத்துக்குள், பெடல்களுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்தவள் அங்கிருந்தே பதில் கொடுத்தாள்.

"லோரி மட்டும் இல்ல தம்பி. எக்ஸ்கவேட்டர், பாமாயில் மில்லு, மீன்பிடிப் படகு எல்லாத்துக்கும் நான்தான். பிளேன் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

வாயைக் கொடுத்தாயிற்று. இனி பிரேக் பிடித்தே ஆக வேண்டும்.

ஜெஞ்சாரோம் ஊருக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு புல் ஓடுதளம். அதன் ஒரு முனையில் வெள்ளை வெளேரென்று நின்றது டாக்டர் சிவேந்திரனின் விமானம். இரண்டே பேர் உட்காரலாம். டாக்டர் என்றால் பல் டாக்டர். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் பல் பிடுங்கிய நேரம் போக, மீதி நேரத்தையெல்லாம் ஒன்பது வருடம் கொட்டி அவரே முடுக்கிச் சேர்த்த விமானம் அது. எல்லாம் கூடி வந்த நேரத்தில், பெடலிலிருந்து சக்கர பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் அலுமினியக் குழாய் விரிசல் விட்டது. சக்கரத்தின் கால் ஆடும்போது குழாயும் கூட ஆட வேண்டும். அலுமினியத்துக்கு அந்த நெளிவு சுளிவு தெரியாது. வளைந்து கொடுக்கும் ஹோஸ் அமெரிக்காவிலிருந்து வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். டாக்டர் விரிசல் விட்ட குழாயைத் தூக்கிக்கொண்டு காப்பார் ஊரில் இருக்கும் உஷாராணியின் ஹைட்ராலிக் கடைக்குப் போனார்.

அவளும் ஏனோதானோ என்று செய்யவில்லை. எஃகுக் கம்பி பின்னிய ஹோஸை அளந்து வெட்டினாள். முனைகளில் ஃபிட்டிங்கை மெஷினில் அழுத்திப் பூட்டினாள். விமானத்துக்குத் தேவையான அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு கொடுத்து, ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு சொட்டு கசியவில்லை. நேற்று விமானத்தில் மாட்டி, விமானத்துக்கென்றே இருக்கும் சிவப்பு எண்ணெயைச் சக்கரத்திலிருந்து மேல்நோக்கி ஏற்றி, காற்றுக் குமிழி அத்தனையையும் விரட்டினார்கள். மிதித்தால் பெடல் கல்லாக நின்றது.

இன்று விமானக் கிளப் அனுப்பிய இன்ஜினியர் கிஷன் ஓட விட்டுப் பார்ப்பான். அவன் சரி என்றால் சரி. இல்லையென்றால் ஹோஸ் அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு அமெரிக்காவுக்கு எழுத வேண்டியதுதான். லோரிக்காரி பிளேனில் கை வைத்த கதையைக் கிள்ளான் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வெளியே வருமுன், வலது பெடலுக்குப் பின்னால் தொங்கிய ஹோஸை டை என்கிற பிளாஸ்டிக் வாரைப் போட்டுச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினாள். தொங்கினால் உரசும், உரசினால் தேயும், தேய்ந்தால் வெடிக்கும். இருபது வருடத் தொழிலில் அவள் எதையும் தொங்க விட்டதில்லை.

டாக்டர் உள்ளே ஏறி இரண்டு பெடலையும் ஒருமுறை மிதித்துவிட்டு, திருப்தியோடு இறங்கினார். அதற்குள் அவர் மனைவி கௌசலா கற்பூரத் தட்டோடு வந்துவிட்டாள். புதுக் காருக்கு வாங்குகிற பழக்கத்தில் நாலு எலுமிச்சம்பழம். விமானத்துக்கோ மூன்றே சக்கரம். நாலாவதை என்ன செய்வது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கிஷன் கையில் திணித்தாள். அவன் அதைப் பிரசாதம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான்.

கற்பூரம் காட்டியாயிற்று. எல்லோருமாகத் தள்ளினார்கள். முன் சக்கரத்துப் பழம் நசுங்கியது. இடது சக்கரத்துப் பழம் சாறு தெறிக்க வெடித்தது. வலது பழம் மட்டும் நசுங்கவே இல்லை. பனி ஈரப் புல்லில் சக்கரம் சறுக்க, அதற்கு முன்னால் பழமும் வழுக்கிக்கொண்டே போனது. விமானத்தின் மூக்கு மெல்ல வலது பக்கம் திரும்பியது.

"ஐயோ முருகா!" கௌசலா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "வேண்டாமப்பா. சகுனம் சரியில்லை. இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

டாக்டரின் முகம் செத்துவிட்டது. கிஷன் அவளைச் சமாதானப்படுத்தப் போனான். "புல்லு ஈரம் ஆன்டி, வேற ஒண்ணும் இல்ல லா."

உஷாராணி குனிந்து அந்தச் சக்கரத்தையே பார்த்தாள். பழி எலுமிச்சைமேல் விழுகிறதே! பழத்தில் என்ன இருக்கிறது? சக்கரம் உருளவில்லை. மிதித்த பிரேக் இன்னும் விடவில்லை. நேற்று விட்டது, இன்று விடவில்லை. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. அவள் கட்டிய அந்த டை.

லோரியில் ஹோஸ் கட்டுவது அசையாத இடத்தில். இங்கே பெடல் போய்த் திரும்ப வேண்டும். இறுக்கிக் கட்டிய ஹோஸ் பெடலை முழுசாகத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையில் கட்டர் இருந்தது. மற்ற மூவரும் சகுனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்து ஒரே வெட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அரை நிமிடம் போதும்.

கட்டரை எடுத்தும் விட்டாள். அப்போதுதான், வேகமாக ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் இறுகினால் இந்த இரண்டு சீட்டு வண்டி என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தாள். தான் இறுக்கிக் கட்டியது இது ஒன்றுதானா என்பதும் அவளுக்குச் சத்தியமாக நினைவில்லை.

"தம்பி!" என்று கத்தினாள். "சகுனமும் இல்ல, ஈரமும் இல்ல. தப்பு என்னோடது. ஹோஸை இழுத்துக் கட்டிட்டேன், பெடல் திரும்பல. நீங்களே வந்து பாருங்க. எல்லாத்தையும் பாருங்க."

கிஷன் எலுமிச்சையை டாக்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஊர்ந்தான். ஹோஸை நுனியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தான். பிறகு டார்ச் வெளிச்சத்துக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

"அரை விரல் அளவு இழுத்துப் பிடிச்சிருக்கு அக்கா. இது வெளிய இருந்து தெரியாது. கட்டரைக் குடுங்க."

டை அறுந்ததும் பெடல் 'டக்'கென்று பின்னால் வந்தது. அவள் ஹோஸுக்குக் கொஞ்சம் வளைவு விட்டு, உரசாத இடத்தில் ரப்பர் வைத்த கிளிப் போட்டாள். மற்றவற்றையும் இருவரும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். அவன் முப்பது தடவை மிதித்தான்; முப்பது தடவையும் டாக்டர் வெளியே, ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, "விடுது! விடுது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கூவினார்.

"நான் வெளிய நின்னு சக்கரத்தைப் பாக்கணும்," என்றான் கிஷன். "ரைட் சீட்டுல நீங்க ஏறுங்க அக்கா. அந்தப் பக்கமும் பெடல் இருக்கு. உங்க ஹோஸ், நீங்களே மிதிங்க."

கௌசலா வாய் திறக்குமுன் உஷாராணி ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். இடது சீட்டில் டாக்டர். இன்ஜின் உறுமியது. புல் பின்னால் ஓடியது, செம்பனைகள் ஓடின. விமானம் தடதடவென்று குதித்துக்கொண்டு போக, எதிரே ஓடுதளம் முடிகிற வாய்க்கால் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"இப்ப உஷா!" என்றார் டாக்டர், விசையைக் குறைத்துக்கொண்டே.

இரண்டு பெருவிரலும் நோக மிதித்தாள். மூக்கு தாழ்ந்தது. இடதும் இல்லை, வலதும் இல்லை. கோடு கிழித்த மாதிரி நேராக ஓடி, வாய்க்காலுக்கு எத்தனையோ முன்னாலேயே விமானம் நின்றது.

"நின்னுடுச்சு உஷா. காலை எடுக்கலாம்."

அவளுக்கு எடுக்கப் பயமாக இருந்தது. பிடித்தது போதாது, விடவும் வேண்டுமே. மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். மூக்கில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறி இழுக்க, விமானம் நேராக, லேசாக, இரண்டு சக்கரமும் சேர்ந்து முன்னால் உருண்டது.

கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை.

"டாக்டர்," என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினாள், "திருப்புங்க! இன்னொரு தடவ போலாம் லா!"